மர்மக்கதை எழுதும் கலை: சுஜாதா காட்டும் வழி

நுழையும்முன்

கதை படிப்பதில் விருப்பமில்லாதவர் இல்லை. அதிலும், 'செய்தவர் யார்?' என்ற வினாவை இறுதிவரை சுமந்து செல்லும் மர்மக்கதைக்கு வாசகர் கூட்டம் என்றும் உண்டு. அத்தகைய கதைகளைத் தமிழில் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றியவர். அவர் எழுதிய முறையையும், புதிதாக எழுத விரும்புவோர் அதிலிருந்து பெறக்கூடிய பாடங்களையும் இப்பகுதி விளக்குகிறது.

ஜாலஹள்ளியில் ஒரு தமிழ் எழுத்தாளர்

பெங்களூரின் கிழக்கே வைட்ஃபீல்ட், வடமேற்கே ஜாலஹள்ளி. வைட்ஃபீல்டில் ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்திற்கு மாறினால் ஜாலஹள்ளியை அடையலாம். அப்பகுதியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவர் எஸ். ரங்கராஜன். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. தமிழ் வாசகர்கள் அவரைச் 'சுஜாதா' என்ற பெயரால் அறிவர். அது அவருடைய மனைவியின் பெயர். 'குமுதம்' இதழில் ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் முன்பே இருந்ததால், பெயர்க்குழப்பம் நேராதிருக்க அதைப் புனைபெயராகக் கொண்டார்.

சுஜாதா 1935இல் சென்னையில் பிறந்தார். திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். பணியின் பொருட்டு டெல்லியிலும் பின்னர் பெங்களூரிலும் வாழ்ந்தார். அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் பல, தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டவை. ஊர் மாறினாலும் மொழி உடன்வரும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

மர்மக்கதையின் தமிழ் மரபு

தமிழில் துப்பறியும் கதை சுஜாதாவுடன் தொடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வகைப் புதினங்களை எழுதினர். பின்னர்த் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் என்னும் துப்பறிவாளர் இளைஞர்களின் உள்ளம் கவர்ந்தார். சுஜாதா படைத்த இணை, கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்கள். நிதானமாகச் சிந்திப்பவர் கணேஷ். துடுக்காகப் பேசுபவர் அவருடைய உதவியாளர் வசந்த். இருவரின் இயல்பும் வேறுபடுவதால், அவர்களின் உரையாடலே கதையை நகர்த்திச் செல்கிறது.

பொறுமை என்னும் முதற்பாடம்

சுஜாதாவின் முதற்சிறுகதை 1953இல் 'சிவாஜி' இதழில் வெளிவந்தது. 1962இல் 'குமுதம்' இதழில் 'இடது ஓரத்தில்' என்ற கதை வெளியானது. 'நைலான் கயிறு' என்னும் தொடர்கதை வந்தது 1968இல். முதற்கதைக்கும் இத்தொடர்கதைக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கடந்தன. படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றிற்கிடையே அவர் எழுத்தைக் கைவிடவில்லை என்பதை இவ்வாண்டுகள் உணர்த்துகின்றன.

எழுத்து அவருக்கு முழுநேரத் தொழிலன்று. அலுவலகப் பணி போக எஞ்சிய நேரத்திலேயே எழுதினார். வார இதழுக்குத் தொடர்கதை எழுதுபவர், ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில் ஓர் அத்தியாயத்தைத் தந்தாக வேண்டும். அடுத்த வாரமும் வாசகர் இதழைத் தேடி வாங்கும் வகையில் அதை முடிக்கவும் வேண்டும். ஒரே காலத்தில் பல இதழ்களுக்கு எழுதிய சுஜாதாவை இக்கட்டுப்பாடு பழக்கியது. ஓய்வு கிடைக்கும்போது எழுதலாம் என்று காத்திருப்பவரைவிட, நாள்தோறும் அரைப்பக்கமேனும் எழுதுபவரே விரைவில் தேர்ச்சி பெறுவர்.

அறிந்ததிலிருந்து எழுதுதல்

'கொலையுதிர் காலம்' என்னும் புதினத்தில் நடப்பவை ஆவியின் செயலா, அறிவியலின் விளைவா என்ற ஐயம் எழுகிறது. ஒளியைக் கொண்டு முப்பரிமாண உருவத்தைத் தோற்றுவிக்கும் 'ஹோலோகிராம்' நுட்பம் அதில் இடம்பெறுகிறது. இயற்பியலும் மின்னணுவியலும் கற்றவர் என்பதால் ஆசிரியரால் அதை நம்பும்படி எழுத முடிந்தது. 'கரையெல்லாம் செண்பகப்பூ' வேறு வகையான புதினம். நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்கச் சிற்றூருக்கு வரும் இளைஞனைச் சுற்றி அதன் மர்மம் பின்னப்பட்டுள்ளது.

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றினார். அங்கு நஞ்சுகளைப் பற்றிப் பெற்ற அறிவு, 1920இல் வெளிவந்த அவருடைய முதற்புதினத்திற்கே பயன்பட்டது. எழுதுபவர் தாம் நன்கறிந்த தொழிலையும் இடத்தையும் களமாகக் கொள்ளும்போது கதைக்கு உறுதி கிடைக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

மறைத்தலும் ஏமாற்றுதலும்

மர்மக்கதை எழுத்தாளர் உண்மையை மறைக்கலாம், வாசகரை ஏமாற்றலாகாது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்ட் நாக்ஸ் என்பவர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிவாளர் காணும் தடயங்களை வாசகரும் காண வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

வைட்ஃபீல்டில் ஓர் அடுக்ககம். மாலையில் பெருமழை, மின்தடையும் ஏற்படுகிறது. மின்சாரம் திரும்பியபோது, கேரம் போட்டிக்கு வைத்திருந்த பரிசுக்கோப்பையைக் காணவில்லை. விளையாட்டு அறையின் வாசலில் ஆறு குடைகள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. ஐந்திலிருந்து நீர் சொட்டுகிறது. அங்குள்ள ஆறு சிறுவர்களும், "இப்போதுதான் மழையில் வந்தேன்" என்றே கூறுகின்றனர்.

ஆறாவது குடை உலர்ந்திருப்பதே தடயம். கதையின் தொடக்கத்தில், மழையை வருணிக்கும் இடத்திலேயே அது சொல்லப்பட்டுவிட வேண்டும். அப்போது வாசகர் அதைக் கண்டும் கடந்து செல்வார். முடிவில், 'நான் கவனிக்கவில்லையே!' என வியப்பார். கடைசிப் பத்தியில்தான் குடையைப் பற்றிய பேச்சே எழுமாயின், அது மர்மமாகாது, வாசகரை ஏமாற்றியதாகும்.

'யார்?' என்பதற்கு விடை கிடைத்த பின் 'ஏன்?' என்ற வினா எழும். கோப்பையை எடுத்த சிறுவனின் தந்தைக்குப் பணியிட மாறுதல் வந்துள்ளது. இறுதியாட்டத்திற்கு முன்பே அவன் ஊரைவிட்டுச் செல்ல வேண்டும். ஒரு முறையேனும் கோப்பையைக் கையில் ஏந்திப் பார்க்க விரும்பியிருக்கிறான். காரணம் தெரிந்ததும் கதை புதிராக மட்டும் நில்லாமல், ஒரு மனிதரைப் புரிந்துகொள்ளும் வாயிலாகிறது.

சொற்சிக்கனம்

சுஜாதாவின் நடை சிறுசிறு தொடர்களால் ஆனது. 'இறங்கினான்' என்ற சொல்லின் எழுத்துகளைப் படிக்கட்டுப்போல ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடச் செய்து, இறங்கும் செயலைக் கண்முன் காட்டினார். பாத்திரங்களின் உரையாடலில் பேச்சுத்தமிழையும் புழக்கத்திலுள்ள பிறமொழிச் சொற்களையும் தயங்காமல் கையாண்டார். அதே எழுத்தாளர் புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் திருக்குறளுக்குப் புதிய உரையும் எழுதினார். பழந்தமிழில் ஆழ்ந்த பயிற்சி இருந்ததால், இக்காலத் தமிழை அவரால் விருப்பம்போல் வளைக்க முடிந்தது.

வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளரும் மாணவர், தம் தமிழ் கலப்பானது என்று எண்ணி எழுதத் தயங்குவதுண்டு. அத்தயக்கம் தேவையற்றது. நான்கு மொழிகளைக் கேட்கும் செவி, நான்கு வகை மனிதர்களின் பேச்சை வேறுபடுத்தி அறியும். உரையாடல் எழுதுவதற்கு அது சிறந்த மூலதனம். தமிழ் நூல்களைத் தொடர்ந்து படிப்பதும், பிழை நேரினும் அஞ்சாது எழுதுவதும் அதனுடன் சேர வேண்டும். எழுதாமல் விடப்படும் மொழியே மெல்ல மறக்கப்படும்.

சுஜாதா 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் காலமானார். கணேஷும் வசந்தும் இன்றும் புதிய வாசகர்களைப் பெற்று வருகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

'கணையாழி' 1965இல் டெல்லியில் தொடங்கப்பெற்ற தமிழ் இலக்கிய இதழ். சுஜாதா பல்லாண்டுகள் இதன் கடைசிப் பக்கத்தை எழுதினார்.

சொல்லும் பொருளும்

தடயம் – குற்றத்தைக் கண்டறிய உதவும் அடையாளம்
புனைபெயர் – எழுத்தாளர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்
ஐயம் – சந்தேகம்
துடுக்கு – குறும்பு கலந்த துணிவு
அடுக்ககம் – பல வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம்

பயிற்சி

1. ரங்கராஜன், 'சுஜாதா' என்ற பெயரை ஏற்றதன் காரணம் யாது?
2. மறைத்தலுக்கும் ஏமாற்றுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடை எடுத்துக்காட்டின் வழி விளக்குக.
3. கோப்பையை எடுத்த சிறுவனை அடுக்ககத்தார் எவ்வாறு நடத்த வேண்டும்? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. நீ வாழும் பகுதியில் காணாமற்போன ஒரு பொருளைக் கருவாகக் கொண்டு, இருபது வரிகளில் ஒரு மர்மக்கதை எழுதுக. முதல் ஐந்து வரிகளுக்குள் தடயம் இடம்பெற வேண்டும். எழுதியதை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக்காட்டி, எந்த வரியில் அவர் விடையைக் கண்டுபிடித்தார் எனக் குறித்து வருக.