கூரைமேல் ஒரு மின்நிலையம்

தமிழர் வாழ்வில் மொட்டை மாடிக்குப் பல பணிகள் உண்டு. வடகமும் வற்றலும் காய்வது அங்கே. துணிகள் உலர்வது அங்கே. கோடை இரவில் பாய் விரித்து உறங்குவதும் அங்கே. அண்மைக் காலத்தில் அந்த மாடி மற்றொரு பணியையும் ஏற்றிருக்கிறது. வெயிலை மின்சாரமாக மாற்றும் சூரிய மின்தகடுகள் ஊர்தோறும் கூரைகளில் ஏறிவருகின்றன. ஒரு கோடி வீடுகளில் இவ்வமைப்பை நிறுவும் நோக்குடன் நடுவண் அரசு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில், மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய அமைப்பு ஒன்றிற்கு ஆறு தகடுகளும் ஏறத்தாழ முந்நூறு சதுர அடி இடமும் போதும். பணியும் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

விரைவில் முடிவதாலேயே அது எளிய பணி என்று கருதப்படுகிறது. தொலைக்காட்சிக்கான கிண்ண அலைவாங்கியைப் பொருத்துவதுபோல் இதையும் பொருத்திவிடலாம் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் கூரையில் ஏறுவது வெறும் கருவி அன்று; சிறியதொரு மின்நிலையம். மின்நிலையத்துக்குரிய ஆபத்துகளும் அளவில் சுருங்கி அதனுடன் வந்து சேர்கின்றன. அவற்றை முதலில் எதிர்கொள்பவர் வீட்டு உரிமையாளர் அல்லர். தகட்டைச் சுமந்து மாடியேறும் பணியாளர். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயின்று வெளிவரும் இளைஞர்கள் இத்துறையை நாடுகின்றனர். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் ‘சூர்யமித்ரா’ என்னும் பயிற்சியை 2015 முதல் நடத்திவருவதும் அவர்களுக்காகவே. மேனிலைப் பள்ளியை விட்டு வெளியேறிய சில ஆண்டுகளிலேயே ஒருவர் இக்கூரைகளில் நிற்க நேரிடலாம்.

சுவிட்சு இல்லாத இயந்திரம்

மின்கருவி எதுவாயினும் பழுதுபார்க்கும் முன் மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது மின்பணியாளர் கற்கும் முதற்பாடம். சூரிய மின்தகட்டைப் பொறுத்தவரை இப்பாடம் பாதியளவே செல்லுபடியாகும். ஒளி விழும்வரை தகட்டின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் இருந்தே தீரும். பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்த கணத்திலேயே அது உயிர்பெற்றுவிடுகிறது. எதனோடும் அதை இணைத்திருக்க வேண்டியதில்லை. கண்ணாடி நொறுங்கிய தகடும், கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்த தகடும் அப்படியே. வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைப்பதால் சூரியன் அணைவதில்லை.

தனித்தகட்டின் மின்னழுத்தம் நாற்பது முதல் ஐம்பது வோல்ட் வரை இருக்கும். இதைக் கண்டு எவரும் பெரிதும் அஞ்சுவதில்லை. ஆனால் தகடுகள் தொடரிணைப்பில் இணைக்கப்படுகின்றன. இணைக்க இணைக்க அழுத்தங்கள் கூடிக்கொண்டே செல்கின்றன. ஆறு தகடுகள் சேர்ந்தால் மின்னழுத்தம் 300 வோல்ட்டை நெருங்கும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்டே. ஆலைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் கூரைகளில் ஆயிரம் வோல்ட்டை எட்டும் வரிசைகளும் உண்டு.

அளவைவிட இம்மின்சாரத்தின் இயல்பே கூடுதல் கவனத்துக்குரியது. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு ஐம்பது சுழற்சிகளைக் கொண்டது. எனவே நொடிக்கு நூறு முறை சுழி மதிப்பைத் தொட்டு மீள்கிறது. சுவிட்சைத் திறக்கும்போது தோன்றும் பொறி அந்தச் சுழிப்புள்ளியில் தானே அணைந்துவிடுகிறது. தகடு தருவதோ நேர்திசை மின்னோட்டம். அதற்குச் சுழிப்புள்ளி கிடையாது. மின்னோட்டம் பாயும்போது ஓர் இணைப்பைப் பிரித்தால், பிரிந்த முனைகளுக்கிடையே உள்ள காற்றின் வழியாக மின்சாரம் தொடர்ந்து பாயும். இதனை மின்வில் என்பர். இதன் வெப்பநிலை பல்லாயிரம் டிகிரியை எட்டக்கூடியது. செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி செல்சியசே போதும். ஆகவேதான் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, அடுத்து நேர்திசை மின்னோட்டத்திற்கெனச் செய்யப்பட்ட துண்டிப்பானைத் திறந்து, அதன் பின்னரே இணைப்பிகளைப் பிரிக்க வேண்டும் என்னும் ஒழுங்கு வகுக்கப்பட்டுள்ளது. வீட்டுச் சுற்றுக்குப் பயன்படும் சாதாரணத் துண்டிப்பானை இவ்விடத்தில் பொருத்துவது தவறு. அது திறந்த பிறகும் உள்ளே மின்வில் எரிந்துகொண்டிருக்கக்கூடும்.

மின் உருகு இழை காத்துவிடாதா என்ற ஐயம் இங்கே எழலாம். வீட்டுச் சுற்றில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இழை உடனே உருகுகிறது. தகட்டின் கதை வேறு. அதிலிருந்து வரும் மின்னோட்டம் விழும் ஒளியின் அளவைத் தாண்டாது. இயல்பாகப் பதின்மூன்று ஆம்பியர் தரும் தகடு குறுக்குச்சுற்றிலும் ஏறத்தாழப் பதினான்கு ஆம்பியரே தரும். இவ்வளவு சிறிய வேறுபாட்டை இழையால் உணர இயலாது. எனவே தனியொரு வரிசையில் நேர்ந்த பழுது யாருக்கும் தெரியாமல் காலையிலிருந்து மாலைவரை கனன்றுகொண்டிருக்க முடியும்; மறுநாள் வெயில் வந்ததும் மீண்டும் தொடங்கும்.

இதனால் காவல் கருவிகளைவிடக் கைவேலையின் செம்மையே இங்குப் பெரிதும் வேண்டப்படுகிறது. கூரைகளில் பற்றும் தீக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் இணைப்பி. வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பிகள் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தோன்றும். உள்ளே உலோகமுனைகள் முழுமையாகத் தொடுவதில்லை. உரிய அழுத்துக் கருவிக்குப் பதிலாகக் கொறடால் நெரித்த முனையும் அத்தகையதே. தளர்ந்த தொடுகை மின்தடையைக் கூட்டுகிறது. மின்தடை வெப்பத்தைக் கூட்டுகிறது. பொருத்திய அன்று விளக்கு எரிந்துவிடுவதால் குறை எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

தேர்ந்த பணியாளர் வரிசையின் கடைசி இணைப்பை இறுதிவரை பூட்டாமல் விட்டுவைப்பர். தேவைப்படும்போது ஒளிபுகாத தடித்த விரிப்பால் தகடுகளை மூடுவர். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்து, அழுத்தத்துக்கேற்ற காப்புக் கையுறை அணிந்து, மின்னழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே கம்பியைத் தொடுவர்.

உயரமும் வெயிலும்

இத்தொழிலில் வீழ்ச்சியும் மின்சாரத்துக்கு இணையான எதிரி. தகட்டின் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும்; எடை இருபது கிலோவுக்கு மேல். அதை ஒருவரே சுமந்து ஏணியில் ஏறினால் ஏணியைப் பற்றக் கை இராது. திடீரென வீசும் காற்று தகட்டைப் பாய்மரமாக்கி ஆளையே இழுத்துச் செல்லும். இருவர் தாங்க, கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றுவதே முறை. மேலே சென்றபின் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. தகடுகள் நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்ப்பதற்காகப் பணியாளர் பின்னோக்கி நடப்பார். கண் தகட்டிலேயே இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் அந்தப் பின்னடி ஒன்றே போதும். சிறிய மின்னதிர்ச்சி தன்னளவில் உயிரைப் பறிக்காவிட்டாலும் உடலைத் துள்ளவைக்கும். தரையில் அது ஒரு கணத் திடுக்கிடல். கூரை விளிம்பில் அதன் விளைவு வேறு.

தலைக்கவசத்தோடு உடல் முழுவதையும் பற்றும் பாதுகாப்பு வாரை அணிவது இதனாலேயே. வாரின் மறுமுனையை எதில் கட்டுவது என்பதில்தான் பலர் பிழைசெய்கின்றனர். தண்ணீர்த் தொட்டியின் குழாயிலும் கைப்பிடிச் சுவரின் அலங்காரக் கம்பியிலும் கட்டிய வார் விழும் உடலைத் தாங்காது. கான்கிரீட்டில் பதித்த நங்கூர வளையமோ வலிய உத்திரமோ வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கூரையில் நேரடியாகக் கால்வைக்கவே கூடாது. பார்வைக்குத் திடமாகத் தோன்றும் அத்தகடு வெயிலிலும் மழையிலும் நைந்து, ஆளின் எடையில் சட்டென உடைந்துவிடும். அடியிலுள்ள சட்டங்களின் குறுக்கே பலகை இட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

நெருக்கமான தெருக்களில் மின்கம்பிகள் மாடியை ஒட்டியே செல்கின்றன. தகடுகளைத் தாங்கும் அலுமினியச் சட்டம் நான்கு மீட்டர் நீளம் இருக்கும். அதைத் தூக்கித் திருப்பும்போது மறுமுனை எங்கே செல்கிறது என்பதைத் தூக்குபவர் காண்பதில்லை. 11,000 வோல்ட் கம்பியைச் சட்டம் தொட வேண்டும் என்பதில்லை; மிக நெருங்கினாலே போதும். அளவெடுக்கும் நாளிலேயே கம்பிகளின் தொலைவைக் குறித்துக்கொள்வதும், தேவையெனில் மின்வாரியத்திடம் கூறி அவ்வழியை நிறுத்தி வைப்பதும் செலவில்லாத முன்னேற்பாடுகள்.

சித்திரை வெயிலில் தளம் காலைச் சுடும். உடலில் நீர் குறைந்தால் தலைசுற்றலும் தடுமாற்றமும் வரும். விடியற்காலையில் தொடங்கி உச்சிவேளைக்கு முன் நிறுத்துவதே அறிவுடைமை. ஒரே நாளில் இரண்டு வீடுகளை முடிக்கச் சொல்லும் ஒப்பந்தம் இவ்வறிவுடைமைக்கு இடந்தருவதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

காற்றின் கணக்கு

பணியாளர் இறங்கிச் சென்றபின் ஆபத்து வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கைமாறுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கூரையில் இருக்க வேண்டிய அமைப்பு இத்தகைய புயல்களைச் சந்திக்காமல் தப்ப இயலாது.

கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்னும் காற்று வேகத்தை அடிப்படையாக வைத்திருக்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அது நொடிக்கு 39 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகத்தின் இருமடியை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். சென்னைக்கு இது 1,500 நியூட்டன். இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டின்மேல் 3,000 நியூட்டன், ஏறத்தாழ முந்நூறு கிலோ எடைக்குச் சமமான விசை. தகட்டின் சாய்கோணத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். எனினும் தன் எடை இருபத்தைந்து கிலோவே உள்ள பொருளை மேலே தூக்க முயலும் விசை எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டு மாடிகளில் இதனோடு மற்றொரு சிக்கலும் சேர்கிறது. கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தட்டோடு பதிக்கும் வழக்கம் இங்கு உண்டு. வெப்பத்தையும் நீர்க்கசிவையும் தடுப்பதற்கான அடுக்கு அது, பளுவைத் தாங்குவதற்கானதன்று. அதில் மட்டும் முடுக்கிய ஆணி, புயலில் தட்டோட்டையும் பெயர்த்துக்கொண்டு வெளியேறும். ஆணி அவ்வடுக்கைக் கடந்து கான்கிரீட்டைப் பற்ற வேண்டும்; துளையின் வாயை நீர்புகாமல் அடைக்கவும் வேண்டும். துளையிட வீட்டார் இசையாவிட்டால் கான்கிரீட் கட்டைகளின் எடையால் தாங்கலை நிறுத்தலாம். அப்போது பழைய கூரை, குறிப்பாக மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய மதராஸ் தளம், அந்த எடையைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். அங்கே துத்தநாகப் பூச்சுடைய தாங்கலும் துருவேறா எஃகு ஆணிகளும் ஆடம்பரமல்ல.

கம்பத்தில் இருப்பவர்

தகட்டின் உலோகச் சட்டத்தைப் புவியுடன் இணைப்பதும், இடிதாங்கிக்குத் தனிப் புவிக்குழி அமைப்பதும் வீட்டாரைக் காப்பவை. வீட்டாருக்கு முகமே தெரியாத ஒருவரைக் காக்கும் ஏற்பாடும் இவ்வமைப்பில் உண்டு.

மின்வெட்டின்போது சூரிய மின்சாரமும் நின்றுவிடுகிறதே என்பது பலரின் குறை. நண்பகல் வெயில் கொளுத்தும், தகடுகள் கூரையில் இருக்கும், மின்விசிறி சுழலாது. இது பழுதன்று. வெளிவழியில் மின்சாரம் இல்லை என்று உணர்ந்ததும் இன்வெர்ட்டர் ஓரிரு நொடிகளுக்குள் தன் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. அப்படித் துண்டிக்காவிட்டால் வீட்டின் மின்சாரம் தெருவுக்குப் பாயும். மின்மாற்றி இருதிசையிலும் வேலை செய்யும் பொருள். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தருவதும் அதுவே. வீட்டிலிருந்து வருவதை 11,000 வோல்ட்டாக உயர்த்துவதும் அதுவே. கஜா புயலுக்குப் பின் காவிரிப்படுகையில் சாய்ந்த பல்லாயிரக்கணக்கான கம்பங்களைப் பிற மாவட்டங்களிலிருந்து வந்த பணியாளர்கள் நிமிர்த்தினர். வழியில் மின்சாரம் இல்லை என்ற உறுதியோடு கம்பமேறும் ஒருவருக்கு, எந்த வீட்டின் கூரையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தரச்சான்று பெறாத மலிவு இன்வெர்ட்டரையோ, மின்வெட்டிலும் இயங்குமாறு திருத்திய இணைப்பையோ வாங்குபவர் மிச்சப்படுத்தும் பணத்திற்கு ஈடாக வைப்பது அக்கம்பத்தில் இருப்பவரின் உயிரை.

தீயணைப்பு வீரரின் நிலையும் இதைப் போன்றதே. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து டெலான்கோ நகரில் பெரிய கிடங்கொன்று எரிந்தபோது, கூரையிலிருந்த 7,000க்கும் மேற்பட்ட சூரிய மின்தகடுகள் தீயணைப்புப் பணிக்குத் தடையாயின. மின்னதிர்ச்சிக்கு அஞ்சி வீரர்கள் கூரையை நெருங்கத் தயங்கினர். அந்நாட்டின் மின்விதித் தொகுப்பு 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆபத்து வேளையில் கூரைக் கம்பிகளின் மின்னழுத்தத்தை விரைந்து தாழ்த்தும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. நம் வீடுகளில் இதன் எளிய வடிவம், எளிதில் எட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பானும், மின்அளவிப் பெட்டியின்மேல் ஓர் எச்சரிக்கைத் தகடும் ஆகும். கூரையில் சூரிய மின் அமைப்பு உள்ளது, கம்பிகள் இவ்வழியே இறங்குகின்றன, துண்டிப்பான் இங்கே உள்ளது, பகலில் கம்பிகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அவை வெயிலில் மங்காத எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். வண்டியிலிருந்து குதித்து இறங்கும் வீரருக்கு அதைப் படிக்கக் கிடைப்பவை சில நொடிகளே.