கதை, வசனம், டைரக்‌ஷன்: டி.பி. ராஜலட்சுமி

பேசாப்படக் காலத்துப் பெண்கள் – 9

செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் ‘பகடைத் துகில்’ கூத்து பார்த்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது. துச்சாதனன் சேலையில் கை வைக்கிற நேரத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். திரௌபதியாக வேஷம் கட்டியிருப்பவர் ஆண். காலையில் அவரே ஏர் ஓட்டப் போகிறவராகவும் இருக்கலாம். அது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. விடிய விடிய அவர்தான் அம்மன்.

இதே கதைகளைத்தான் தமிழ்நாட்டின் முதல் படக்காரரும் எடுத்துக்கொண்டார். ஆர். நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டு 1917-18 வாக்கில் ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அடுத்து ‘திரௌபதி வஸ்திராபரணம்’. கூத்து மேடைக்கும் காமிராவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூத்தைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறோம். காமிரா முகத்தருகே வந்து நின்றுவிடும். சேலை உரியும் காட்சிக்கு ஓர் ஆணை நிறுத்தினால் எடுபடாது. நடிக்க ஒப்புக்கொள்ளும் உள்ளூர்ப் பெண்ணைத் தேடுவதும் லேசில்லை. கடைசியில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பெண் ஒருவரை அழைத்து வந்து திரௌபதியாக்கினார் முதலியார். படம் பேசாது என்பதால் அது முடிந்தது.

பேசாத படத்துக்கு இப்படி ஒரு குணம் இருந்தது. யார் எந்த மொழிக்காரர் என்று அது கேட்காது. அமெரிக்காவில் இதனால் பலருக்கு வாழ்வு வந்தது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய அன்னா க்யூ. நில்சன் பெரிய நட்சத்திரமானார். 1925இல் கிரேட்டா கார்போவும் அங்கே போனார். கார்போவை உலகம் கவனிக்கச் செய்த ‘யோஸ்டா பெர்லிங்’ படம் (1924) செல்மா லாகர்லோஃப் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. இலக்கியத்துக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற பெண் அவர். அந்த வருஷங்களில் ஹாலிவுட்டில் கதை எழுதும் மேஜைகளில் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்: பிரான்சிஸ் மேரியன், அனிதா லூஸ், ஜூன் மேதிஸ். படத்துக்குக் கதை எழுதுவது புதிய தொழில். இது ஆம்பிளை வேலை என்று யாரும் வேலி போட்டு முடித்திருக்கவில்லை. பேசும்படம் வந்து, கம்பெனிகள் பெருத்து, பெரும்பணம் புழங்கத் தொடங்கிய பிறகே அங்கே பெண்களின் இடம் சுருங்கியது.

தமிழ்நாட்டில் நடந்தது நேர் தலைகீழ். இங்கே பேசாப்படம் பெண்ணின் முகத்தை மட்டும் கேட்டது. அவளுக்குள் இருந்த கதையைக் கேட்கவில்லை. படம் வாயைத் திறந்த பிறகுதான் ஒரு தமிழ்ப்பெண் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே வர முடிந்தது. அவர்தான் திருவையாறு பஞ்சாபகேசன் ராஜலட்சுமி.

1911இல் பிறந்தவர். அப்பா ஊர்க் கர்ணம். பால்ய விவாகம், புகுந்த வீட்டில் வாழ முடியாமல் குழந்தையாகவே திரும்பி வந்தவர். அப்பாவும் போய்விட, அம்மாவோடு திருச்சிக்கு வந்து, பதினொரு வயதில் சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஓர் அக்கிரகாரத்துப் பெண்பிள்ளை, அதுவும் வாழாவெட்டி என்று ஊர் முத்திரை குத்திய பிள்ளை, அரிதாரம் பூசி மேடையேறுவது என்றால் 1920களில் என்ன பேச்சு பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது நாடக மேடை முழுக்க சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள்தான். சுவாமிகள் 1922இல் விழுப்புரத்தை அடுத்த புதுச்சேரியில் காலமானார். ஆனால் அவர் எழுதிக்கொடுத்த ‘கோவல’னையும் ‘பவளக்கொடி’யையும் ‘வள்ளி திருமண’த்தையும் வைத்துக்கொண்டு இன்னும் பல ஆண்டுகள் கம்பெனிகள் பிழைத்தன. வசனம் எங்கே நிற்க வேண்டும், பாட்டு எங்கே தொடங்க வேண்டும், ஜனங்கள் எங்கே கண்ணைத் துடைப்பார்கள் என்பதெல்லாம் அந்த மேடையில் ராஜலட்சுமி கற்ற பாடம். பின்னாளில் அவர் கதாசிரியரானதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

தஞ்சாவூர்ச் சீமை நாடகக் கம்பெனிகளுக்குச் சென்னைக்கு வழி ரயில்தான். மாயவரம், கடலூர், விழுப்புரம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று அந்தத் தண்டவாளம் போகும். சீன் படுதாக்களும் வேஷப் பெட்டிகளும் ஆர்மோனியமும் சரக்குப் பெட்டியில் வரும். இதே ரயில்வேயில்தான், திருச்சி அலுவலகத்தில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு ஊர் ஊராகக் கூடாரம் போடக் கிளம்பினார். கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று நடப்பதை விளக்கிச் சொல்வார்; எழுத்து அட்டைகளையும் அவரே உரக்கப் படிப்பார். நம் கூத்துக் கட்டியக்காரனின் வேலையேதான். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் பேசாப்படத்தின் கதாசிரியர் அவர்தான் என்று நான் சொல்வேன். அட்டையில் ஒரு வரி இருந்தால் அவர் பத்து வரி சொல்லுவார்.

ராஜலட்சுமி பேசாப்படங்களிலும் நடித்தார். ‘கோவலன்’, ‘உஷா சுந்தரி’, ‘ராஜேஸ்வரி’ என்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பாடிப் பேர் வாங்கிய ஒரு நடிகையின் குரலை வாங்கிவைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டிய படங்கள் அவை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோதுதான் அந்தக் குரல் திரையிலிருந்து கேட்டது. எச்.எம். ரெட்டி டைரக்‌ஷன், பம்பாயில் எடுத்தது. பிலிம் பெட்டி பம்பாயிலிருந்து வந்து இறங்கிய நாளில் ஜனங்கள் திரண்டு, பூ தூவி, தேங்காய் உடைத்து, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். படத்தில் ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் பாஷை வெள்ளைத் துணியிலிருந்து வருகிறதே என்ற ஆச்சரியமே போதுமானதாக இருந்தது.

1933இல் ‘வள்ளி திருமணம்’. மயிலம் மலையடிவாரத்திலும் இந்த வட்டாரம் முழுவதிலும் விடிய விடியப் பார்த்துப் பழகிய கதை. கூடாரம் தூக்கிக்கொண்டு அலைந்த அதே சாமிக்கண்ணு வின்சென்ட்தான் இப்போது முதலாளி, டைரக்டர் பி.வி. ராவ். படம் நன்றாக ஓடி, ராஜலட்சுமிக்கு ‘சினிமா ராணி’ என்ற பட்டம் நிலைத்தது. இந்த பி.வி. ராவ் அதே ஆண்டு எடுத்த இன்னொரு படம் ‘மார்த்தாண்ட வர்மா’. அது பேசாப்படம். தென்னிந்தியாவின் பேசாப்படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கிற கதைப்படம் அது ஒன்றுதான். 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது. மற்றவை எல்லாம் போயே போயின. நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தும், வெள்ளிக்காக உருக்கப்பட்டும், ஈரத்தில் ஒட்டிக்கொண்டும் அழிந்தவை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1936இல் ‘மிஸ் கமலா’ வந்தது. புராணப்படங்கள் வரிசைகட்டி வந்த காலம். முந்தின வருஷம் வந்த ‘மேனகா’ போல ஒரு சில சமூகக் கதைகள்தான் துணிந்து எடுக்கப்பட்டிருந்தன. ‘மேனகா’வும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்தான். அந்த நேரத்தில் ராஜலட்சுமி தாமே எழுதிய ‘கமலவல்லி’ என்ற நாவலை எடுத்து, தாமே படக்கதையாக்கி, வசனம் எழுதி, சொந்தக் கம்பெனியில் பணம் போட்டு, டைரக்ட் செய்து, கமலாவாக நடிக்கவும் செய்தார். மனசுக்குப் பிடித்தவன் ஒருவன் இருக்க, வேறொருவருக்குக் கட்டிவைக்கப்படுகிற பெண்ணின் கதை. குழந்தைக் கல்யாணத்தின் கொடுமையை உடம்பால் அறிந்த ஒருத்தி, பெண்ணின் சம்மதம் என்ற விஷயத்தைத் தன் முதல் படத்துக்கே கதையாக எடுத்துக்கொண்டாள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

1926இல் பம்பாயில் பாத்மா பேகம் ‘புல்புலே பரிஸ்தான்’ எடுத்திருந்தார். இந்தியாவில் அவருக்கு அடுத்து வருபவராகவும், தென்னிந்தியாவில் முதல்வராகவும் ராஜலட்சுமியைச் சொல்கிறோம். டைரக்டர் என்ற முறையில் அந்தப் பெருமை அவருக்குக் கிடைத்துவிட்டது. கதாசிரியர் என்ற முறையில் கிடைக்கவில்லை. முதல் பெண் டைரக்டர் என்று எழுதிவிட்டு நாம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். படத்துக்கு முப்பது, நாற்பது பாட்டு இருந்த காலத்தில், அந்தப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு சமூகக் கதையை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை யோசித்தால் அவருடைய எழுத்துக்கு உரிய மரியாதை நாம் இன்னும் தரவில்லை என்பது புரியும்.

வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கும் இதேதான். 115 நாவல் எழுதியவர். 1938இல் ‘அநாதைப் பெண்’, 1966இல் ‘சித்தி’ என்று அவர் கதைகள் படமாயின. ‘சித்தி’யைப் பார்த்து அழுத குடும்பங்கள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனையோ. அது ‘தயாநிதி’ என்ற நாவல், எழுதியவர் ஒரு பெண் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ராஜலட்சுமி பிறகு ‘மதுரை வீரன்’ எடுத்தார். ‘இந்தியத் தாய்’ என்ற தேசபக்திப் படம் தணிக்கையில் மாட்டிக்கொண்டது; போட்ட பணம் திரும்பவில்லை. 1964இல் காலமானார்.

‘மிஸ் கமலா’வை இன்று நாம் பார்க்க முடியாது. அந்தக் காலப் படங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு ஒரு சின்னப் பொருளால் தெரிந்தது: பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் சில அணாவுக்கு விற்றது. மட்டமான காகிதம், அட்டையில் கதாநாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். முக்கியமான இடம் வந்ததும் கதையை நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். பிறகு ராகம், தாளத்தோடு பாட்டுகள். கதை யார், வசனம் யார், பாட்டு யார் என்பது அந்த முதல் இரண்டு பக்கங்களில்தான் இருக்கும். வீடு மாறும்போதோ போகிக்கோ அவை முதலில் குப்பைக்குப் போகின்றன.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மயிலம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டியின் டிரங்குப் பெட்டியிலோ, பரண் மேலோ, கோதைநாயகி அம்மாள் நடத்திய பழைய ‘ஜகன்மோகினி’ இதழ்களோடு சேர்ந்தோ 1930, 40களின் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தால், கிழிந்திருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொடுங்கள், பத்திரமாக இருக்கும். கொடுக்க மனமில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்தாவது அனுப்புங்கள். முதல் இரண்டு பக்கங்களை விட்டுவிடாதீர்கள். கதை எழுதியவர் பெயர் அங்கேதான் இருக்கும்.

(தொடரும்)