நடப்பதா, ஓய்வெடுப்பதா?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாரை மாதாந்தம் சந்திப்பது எனது பணிகளில் ஒன்று. ஒருநாள் அவர்களிடம், "பிள்ளைத்தாய்ச்சி எண்டு முடங்கிக் கிடவாதேங்கோ. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது பிழையல்ல. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

மூன்று கிழமை கழித்து அவர்களுள் ஒருத்தியைச் சந்தித்தேன். 2009 இல், சிறுமியாக இருந்தபோது தாயை இழந்தவள். தலைப்பிரசவம், எட்டாம் மாதம். முகம் வீங்கியிருந்தது.

"நீங்கள் சொன்ன மாதிரி விடியவும் பின்னேரமும் நடக்கிறன் அக்கா. தலையிடிதான் விடுகுதில்லை" என்றாள்.

கிளினிக்கில் பிறஷர் கூட என்று சொல்லியிருக்கிறார்கள். நடந்தால் அது குறைந்துவிடும் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். கேட்டறிய அம்மா இல்லாத பிள்ளை, என் சொல்லை அப்படியே நம்பியிருந்தாள். உடனே குடும்பநல உத்தியோகத்தரை அழைத்தோம். அளந்து பார்த்தபோது 160/110. இலவச 1990 அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சில நாட்களில், 35 ஆவது வாரத்தில் பிள்ளை பிறந்தது. நிறை குறைவுதான், ஆனால் தாயும் சேயும் தப்பிவிட்டார்கள்.

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்லள். அதன் பின்னர் விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இந்தப் பிறஷர்?

கர்ப்ப காலத்தில் குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர்வாகக் கொள்ளப்படும். சிலருக்கு இது கர்ப்பத்துக்கு முன்னரே இருக்கும். சிலருக்கு 20 ஆவது வாரத்தின் பின் புதிதாக வரும். அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறினால், அல்லது ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டால் அதனைப் பிரிஎக்லாம்சியா என்பர். முற்றினால் வலிப்பு வரும், உயிருக்கும் ஆபத்து.

நச்சுக்கொடிக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் சரிவர உருவாகாமையே இதற்கு முக்கிய காரணம். ஆகவே நடந்து இதனை மாற்ற முடியாது. கடுமையாக உடலை வருத்தும்போது குருதி அமுக்கம் மேலும் ஏறும். குருதி தசைகளுக்குக் கூடுதலாக ஓடுவதால், ஏற்கனவே குறைவாகக் கிடைக்கும் பிள்ளைக்கு இன்னும் குறையலாம்.

யார் நடக்கலாம்?

சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கூறியது. நாளுக்கு அரை மணித்தியாலமாக ஐந்து நாட்கள் நடந்தால் போதும். நடக்கும்போது மூச்சிரைக்காமல் கதைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முன்னரே பிறஷர் இருந்து, மருந்தால் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், வைத்தியரைக் கேட்டு மெதுவாக நடக்கலாம். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. இன்னொன்று: லொசாட்டன், எனலாப்ரில் போன்ற குளிசைகள் கர்ப்பத்துக்கு உகந்தவை அல்ல. பிள்ளை தங்கியது தெரிந்த உடனேயே வைத்தியரிடம் காட்டி மருந்தை மாற்றுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

20 ஆவது வாரத்தின் பின் பிறஷர் ஏறியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. பிரிஎக்லாம்சியா என்றால் உடற்பயிற்சி வேண்டவே வேண்டாம். அதற்காக நாள் முழுதும் பாயில் கிடக்கவும் தேவையில்லை. அப்படிக் கிடப்பதால் நோய் மாறாது, கால் நாளங்களில் குருதி உறையும் அபாயமே கூடும். வைத்தியர் தடுத்தாலன்றி, வீட்டுக்குள் ஆறுதலாக நடமாடலாம்.

எங்கள் வேலையும் பயிற்சிதான்

"நான் ஒரு பயிற்சியும் செய்யிறதில்லை" என்று சொல்லும் சகோதரிதான் கிணற்றில் இருபது வாளி அள்ளுகிறாள், விறகு சுமக்கிறாள், வெயிலில் கூலிக்குக் களை பிடுங்குகிறாள். உடம்புக்கு இவையெல்லாம் கடும் பயிற்சியே. கணவன் இல்லாமல் தனியே குடும்பம் நடத்துபவளிடம் "ஓய்வெடு" என்று சொல்வது எளிது. அவளுக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதே உதவி. அந்தத் தங்கை பிள்ளையுடன் வீடு திரும்பியபோது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் முறைவைத்துத் தண்ணீரும் விறகும் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் இது முடியும்.

தாமதிக்க வேண்டாம்

விடாத தலையிடி, கண் மங்குதல் அல்லது கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே அல்லது வலது விலாவின் கீழ் நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சு முட்டுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளை பிறந்த பின்னரும் வலிப்பு வரலாம். ஆகவே சில கிழமைகளுக்குப் பிறஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்திய பேற்றில் இந்த நோய் இருந்திருந்தால் முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். தடுப்பதற்குச் சிறு அளவில் அஸ்பிரின் கொடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

இப்போதும் கூட்டங்களில் "நடவுங்கோ" என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னர் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "போன கிளினிக்கில பிறஷர் எவ்வளவு? கார்டை ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்."