எதிரே வரும் சைக்கிளுக்குக் கை காட்டணுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி முட்டுக்காடு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் கையைத் தூக்கினார். ஹெல்மெட், கூலிங் கிளாஸ், யாரென்றே தெரியவில்லை. நான் சுதாரிப்பதற்குள் ஆள் போய்விட்டார். அதற்கப்புறம் கோவளம் வரைக்கும் ஒரே குறுகுறுப்பு. திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பாரோ? தெரிஞ்சவரா இருக்குமோ? டீக்கடையில் கூட வந்தவர்களிடம் கேட்டேன். "கட்டாயம் காட்டணும் சார், நாமெல்லாம் ஒரே கூட்டம் இல்லையா" என்றார் ஒருவர். "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க, கையை அப்புறம் ஆட்டலாம்" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. வழக்கம்போல வீட்டுக்கு வந்து நோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கு. இரண்டு பேரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிராக வரும்போது ஒருவரை ஒருவர் நெருங்கும் வேகம் 50 கிலோமீட்டர், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். நாற்பது மீட்டர் தூரத்தில் தான் ஆள் கையைத் தூக்குவது தெரிகிறது என்றால், பார்த்து, புரிந்து, பதிலுக்குக் கையைத் தூக்க மூன்று நொடிகூட இல்லை. ஆகவே பதில் வரவில்லை என்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. நம்ம துறை பாஷையில் சொன்னால் இது யூடிபி பாக்கெட். அனுப்பினோமா, மறந்தோமா என்று இருக்கணும்.

அடுத்தது, எந்தக் கை? நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவர் நமக்கு வலது பக்கம். இயல்பாகத் தூக்க வருவது வலது கை. ஆனால் நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் முன் பிரேக் வலது கைப்பிடியில் இருக்கிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஒரு நொடி கையை எடுத்தால் ஏழு மீட்டர் அந்தப் பிரேக் இல்லாமல் போகிறோம். அந்த ஏழு மீட்டருக்குள் ஒரு நாய் வரலாம், நம்மூரில் கண்டிப்பாக வரும். சரி, இடது கையைத் தூக்கலாம் என்றால், இடது கையால் வணக்கமா? வீட்டில் பெரியவங்க பார்த்தா என்ன சொல்வாங்க. இது போதாதென்று, கூட்டமாக ஓட்டும்போது கையை உயர்த்தினால் "நிறுத்தப்போகிறேன்" என்று பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார். அனுபவஸ்தர்கள் கையை எடுப்பதே இல்லை. கைப்பிடியில் இருந்தபடியே நாலு விரலை மட்டும் உயர்த்துகிறார்கள், இல்லையென்றால் ஒரு தலையசைப்பு. நானும் இப்போது அதற்கு மாறிவிட்டேன்.

ஆனால் எப்படி என்பதைவிட ஏன் என்பதுதான் சுவாரசியமான கேள்வி. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், பொது இடங்களில் மனிதர்கள் நடந்துகொள்வது பற்றி 1963ல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்கிறார். நகரத்தில் முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே வரும்போது ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். 'நீ இருப்பதைக் கவனித்தேன், உன் வழியில் நான் குறுக்கிடமாட்டேன்' என்று இதற்கு அர்த்தம். இது அலட்சியம் கிடையாது, ஒருவகை மரியாதை. எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே போனால் ரங்கநாதன் தெருவில் பத்தடி நகர முடியாது.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதை இன்னொரு பக்கமிருந்து பார்த்தார். தினமும் ஒரே ரயில் நிலையத்தில் நிற்கிறோம், முகம் தெரியும், பேசியதில்லை. 'பழகிய அந்நியர்' என்று இவர்களை அவர் 1972ல் குறிப்பிட்டார். வழக்கமான இடத்தில் பேசாத இதே ஆட்கள் ஊரைவிட்டு வெகுதூரத்தில் சந்தித்தால் உடனே பேசிக்கொள்வார்கள் என்பது அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி. சைக்கிளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஞாயிறு காலை திருவான்மியூர் சிக்னலில் இருபது சைக்கிள் நிற்கும், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மாமல்லபுரம் தாண்டி ஆளரவமில்லாத இடத்தில் அதே இருபது பேரில் ஒருவர் எதிரே வந்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கேட்கவே வேண்டாம். இறங்கி வருகிறவர் "இன்னும் ரெண்டே வளைவுதான்" என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போவார். அதைப் போன்ற அன்பான பொய் உலகத்தில் கிடையாது.

இவ்வளவையும் படித்து முடித்து, சரி, நகரத்துக்கு வெளியே எல்லா சைக்கிள்காரர்களுக்கும் கை காட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. நான் கை காட்டியது எல்லாம் ஹெல்மெட் போட்டவர்களுக்கு. பழைய ஹெர்குலிஸில் டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டு வருகிறவரை நான் சைக்கிள்காரராகவே எண்ணவில்லை. அவர் தினமும் ஓட்டுகிறார், நான் ஞாயிறு மட்டும்.

அடுத்த ஞாயிறு கானத்தூர் அருகே, ஏதோ ஒரு கடற்கரை பங்களாவில் இரவுக் காவல் முடித்துத் திரும்புகிற பெரியவர் ஒருவர் எதிரே வந்தார். நான் விரலை உயர்த்தித் தலையசைத்தேன். அவர் பதறிப்போய் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, வண்டியை விட்டே இறங்கிவிட்டார். "என்ன சார், என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க ஐயா, சும்மா வணக்கம் சொன்னேன்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

யோசித்துப் பார்த்தால் நம்மூரில் சைக்கிளுக்கென்று ஒரு வணக்கம் ஏற்கெனவே இருந்தது: இறங்குவது. எதிரே வாத்தியார் வந்தால் மாணவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கணும், அவர் போனதும் ஏறிக்கொள்ளலாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சிரிக்கவே முடியாத இன்னொரு இறக்கமும் உண்டு. சாதி இந்துக்கள் தெருவுக்குள் தலித்துகள் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும் என்ற கட்டுப்பாடு பல கிராமங்களில் இருந்தது. பழங்கதை என்று நினைப்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தைப் படிக்கலாம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. சட்டத்தில் சைக்கிள் என்ற வார்த்தையை எழுத வேண்டிய தேவை இந்த நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது.

அந்தப் பெரியவர் எதனால் இறங்கினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. விலை உயர்ந்த வண்டியில் வருகிற ஒருத்தன் கையைக் காட்டினால் அது வணக்கமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஹெல்மெட்காரர்களுக்குள் மட்டும் கை காட்டிக்கொள்வது எனக்கு ஒட்டவில்லை. காட்டினால் மிதிக்கிற எல்லாருக்கும் காட்டணும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் பாக்கி. தனியாக ஓட்டும் பெண்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் விடியற்காலையில் தனியாகத்தான் ஓட்டுவார். அவரிடம் கேட்டேன். "கை காட்டிட்டுப் போயிட்டா ஒண்ணுமில்ல. காட்டிட்டு வேகத்தைக் குறைச்சா தான் பயம்" என்றார். எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, திரும்பிப் பார்க்காமல் போய்விடணும். பின்னாலிருந்து முந்துவதென்றால் தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டு, விலகிப் போய்விடணும், கூடவே ஓட்டிப் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

கை காட்டுவது அவரவர் இஷ்டம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஓரமாக வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே வேகத்தைக் குறைத்து "என்னாச்சு? ட்யூப் இருக்கா?" என்று கேட்டே ஆகணும். பஞ்சர் கடை ஏழு மணிக்கு முன்னால் திறக்காது. தினமும் தலையசைத்துப் பழகியவனுக்கு இதைக் கேட்க வாய் வரும், மற்றவன் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நூறு மீட்டர் தாண்டியிருப்பான். நானும் தாண்டியிருக்கிறேன்.

அந்தப் பெரியவரை இப்போதும் பெரும்பாலான ஞாயிறுகளில் பார்க்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து இறங்குவதில்லை. கையும் காட்டமாட்டார், பெல்லை ஒரு தட்டு தட்டுவார். போன மாதம் டீக்கடையில் சேர்ந்து நிற்கும்போது என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, பெல்லு வெக்கலையா சார்?" என்று கேட்டார். எடை கூடும் என்று வைக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று வாங்கி மாட்டினேன்.