பிஞ்சு நுரையீரலும் நான்கு ஊசியும்

ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைத்துவிடும், எட்டாம் மாசத்துப் பிள்ளைதான் தங்காது என்று நம் ஊர்ப்புறங்களில் இன்றும் சொல்வார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. கருவில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரல் முதிர்கிறது. ஏழாம் மாசக் குழந்தையைவிட எட்டாம் மாசக் குழந்தைக்கே மூச்சு நன்றாக வரும்.

குலுக்கிப் பார்த்த காலம்

மூச்சுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். அது போதாமல்தான் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறுகிறார்கள் என்று 1959-ல் மேரி எல்லன் ஏவரி கண்டறிந்தார். பிறகு, அது போதுமான அளவு இருக்கிறதா என்று அறிய, தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தார்கள். 1972-ல் வந்த முறை எளிது: அந்த நீரோடு எத்தனால் கலந்து கண்ணாடிக் குழாயில் குலுக்கி, 15 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். மேலே நுரை வளையம் கலையாமல் நின்றால் நுரையீரல் தயார்.

இன்று இந்தச் சோதனைகள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்றால் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. ஆபத்து இல்லையென்றால், நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்பதற்காக குழந்தையை முன்கூட்டியே எடுக்கவும் கூடாது. மூளையும் ஈரலும் இன்னும் வளர வேண்டும். நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்திலேயே சிசேரியன் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஊசிக்கு வாரக்கணக்கு வேண்டும்

24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால், பிஞ்சு நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு ஊசி. இது இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போடலாம். இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வு, இந்த ஊசி பச்சிளங்குழந்தை மரணத்தைக் குறைப்பதை 2020-ல் உறுதிசெய்தது. ஆனால் வாரக்கணக்கு தெரியாமல் போட்டால் பலன் உறுதியில்லை.

உப்பளத்துப் பெண்களுக்கு

கர்ப்பத்துக்கு வெயிலும் ஆபத்துதான். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்திய ஆய்வில் உப்பளத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு. மரக்காணம் வெயிலில் உப்பு வாரும் கர்ப்பிணிக்கு நிழலும் குடிதண்ணீரும் கொடுப்பது முதலாளியின் கடமை.

கிளியனூர்ப் பக்கத்துத் தாய்மார்களே, கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாசத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, வேலை முடியட்டும் என்று பொறுக்காமல் 108-ஐ அழைத்து, எத்தனை வாரம் என்பதையும் சொல்லுங்கள்.