நுழையாதவர் எப்படிக் குடியேறி ஆவார்?

ஒகேனக்கல் அருவிக்குச் செல்வோர் பலரும் அதே பென்னாகரம் வட்டத்தில், நாகாவதி அணையை ஒட்டி, இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை அறிந்திருக்கமாட்டார்கள். தருமபுரி மாவட்டத்தில் தும்பலஅள்ளி, வாணியாறு, கேசர்குளி என அணைகளின் பெயரைத் தாங்கிய முகாம்கள் இன்னும் உண்டு. ஏதிலிகளாக வந்தவர்களை ஊருக்குள் வைக்காமல் அணைக்கட்டுகளின் ஓரத்தில் வைத்தது அந்நாளைய நிர்வாக வசதி. அந்த வசதிக்கு வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது.

அண்மையில் ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடைகளின் வரிசையில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். பி.ஏ. பொருளாதாரம் படித்தவர், இப்போது கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை செய்கிறார். உடன் அவருடைய மனைவியும் பத்து வயது மகளும் இருந்தனர். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி இது: 'சார், என் மகள் எந்த நாட்டுக்காரி?'

அவருடைய பெற்றோர் 1990-இல் படகில் வந்தவர்கள். அவர் 1991-இல் தருமபுரியில் பிறந்தார். மனைவி பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக இந்தியர். மகள் 2015-இல் பிறந்தாள். மூன்றே வரியில் அடங்கும் இந்தக் குடும்ப வரலாற்றுக்கு நம் குடியுரிமைச் சட்டம் என்ன விடை தருகிறது என்று அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் ஒரு சட்டம் யாருக்கு எதைக் கொடுக்கிறது, எதை மறுக்கிறது என்று கணக்கிடுவது பொருளியல் ஆசிரியனுக்குப் பழகிய வேலைதான்.

குடியுரிமைச் சட்டம் 1955-இன் மூன்றாவது பிரிவு பிறப்பைப் பற்றியது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராக இருப்பினும் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தைக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே இந்தியர் எனில் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. 1985 அசாம் ஒப்பந்தத்தின் சூழலில் முதல் மாற்றமும், 2003 திருத்தச் சட்டத்தின் வழியே இரண்டாவது மாற்றமும் வந்தன. பிரம்மபுத்திரா கரையின் அரசியல் காவிரிக் கரையில் பிறந்த குழந்தையின் தலையெழுத்தை மாற்றியது இப்படித்தான்.

ஒரே பெற்றோருக்கு 1986-இலும் 1988-இலும் முகாமில் இரு குழந்தைகள் பிறந்ததாகக் கொள்வோம். மூத்தவர் இந்தியர், இளையவர் அயலார். இது வெறும் கற்பனை அன்று. 1986-இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தது செய்தியானது. முப்பத்தெட்டு வயதில் ஒருவர் முதன்முறை வாக்களிப்பது செய்தியாகும் நிலையில் நாம் இருக்கிறோம்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி ஆற்றைக் கடந்தால் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். மாதேசுவரன் மலைக்கு அப்பால், ஒடையர்பாளையாவில் 1970-களில் அமைக்கப்பட்ட திபெத்தியர் குடியிருப்பு உள்ளது. அவர்களும் ஏதிலிகள்தாம், ஆனால், திபெத்தியர் இந்தியாவுக்கு வரத் தொடங்கியது 1959-இல். எனவே, 1987 வரை இருபத்தெட்டு ஆண்டுகளில் பிறந்த அவர்களது பிள்ளைகள் அனைவரும் முதல் விதிக்குள் வந்துவிடுகின்றனர். அப்படி 1986-இல் பிறந்த திபெத்தியப் பெண் ஒருவர் இந்தியரே என்று தில்லி உயர்நீதிமன்றம் 2010-இல் கூறியது. அக்காலத்தில் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்குமாறு தேர்தல் ஆணையம் 2014-இல் அறிவுறுத்தியது. இலங்கைத் தமிழர் வரத் தொடங்கியது 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர். அவர்களுக்குக் கிடைத்த காலம் நான்கே ஆண்டுகள். அதிலும் இம்மாவட்டத்து முகாம்களில் உள்ளோரில் பலர் 1990-இலும் அதன் பின்னரும் வந்தவர்கள். ஆற்றின் இரு கரைகளுக்கும் பொருந்துவது ஒரே சட்டம்தான். வந்து சேர்ந்த தேதிதான் வேறு.

பிறப்பால் கிடைக்காத குடியுரிமையைப் பெற இரு வழிகள் உண்டு. ஆறாவது பிரிவு, நீண்டகாலம் இங்கு வாழ்ந்ததன் அடிப்படையில் தரப்படும் இயல்புரிமை. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் இங்கு வசித்திருக்க வேண்டும். ஐந்தாவது பிரிவு, பதிவு வழிக் குடியுரிமை. குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கான வழி இங்குதான் உள்ளது. குடிமக்களின் வயது வராத குழந்தைகளைப் பதிவு செய்யலாம். இந்திய வம்சாவளியினராகப் பதிவு பெற்றோ, இயல்புரிமை பெற்றோ குடிமக்களான பெற்றோரின் வயது வந்த பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். தாமோ, பெற்றோரில் ஒருவரோ முன்னர் சுதந்திர இந்தியாவின் குடிமக்களாக இருந்தவர்கள், 12 மாதங்கள் இங்கு வசித்திருந்தால் போதும். இந்திய வம்சாவளியினர் எனில் ஏழாண்டு வசிப்பு.

படிக்கும்போது தாராளமான சட்டமாகவே தோன்றும். பெற்றோருக்குக் கிடைத்துவிட்டால் பிள்ளைக்கும் கிடைக்கும் என்பது நியாயமான ஏற்பாடும்கூட. ஆனால், இந்த இரு வழிகளின் வாசலிலும் ஒரே பூட்டுத் தொங்குகிறது: விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உயிர் தப்பிக் கடவுச்சீட்டின்றிப் படகேறியவர், சட்டத்தின் சொற்படி, சட்டவிரோதக் குடியேறிதான். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு இந்தப் பூட்டைத் திறந்ததுடன், பதினோராண்டு வசிப்பையும் ஐந்தாண்டாகக் குறைத்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. அதற்கான தருக்கத்தை எவரும் எனக்கு விளங்கும்படி கூறியதில்லை.

சரி, பெற்றோர் கடவுச்சீட்டின்றி வந்தவர்கள். என் மாணவர்? சட்டவிரோதக் குடியேறிக்கு அச்சட்டம் தரும் வரையறை, உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் 'நுழைந்த' அயல்நாட்டவர் என்பதாகும். தருமபுரியில் பிறந்தவர் எங்கிருந்து நுழைந்தார்? அவர் எந்த எல்லையையும் கடந்ததில்லை. கடந்திருந்தால் அது ஒகேனக்கல்லில் பரிசலேறிக் கர்நாடகக் கரைக்குப் போனது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் நுழையவில்லை எனில் அவர் சட்டவிரோதக் குடியேறி அல்லர். அவர் சட்டவிரோதக் குடியேறி அல்லர் எனில், 2015-இல் இந்தியத் தாய்க்குப் பிறந்த அவருடைய மகள் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். ஒரு குழந்தையின் நாடு எது என்பது ஒரு வினைச்சொல்லின் பொருளைப் பொறுத்திருக்கிறது. அலுவலகங்களோ பெரும்பாலும் முகாம் பதிவேட்டைப் பார்த்துத் தந்தையின் பெயருக்கு எதிரே 'இலங்கை' என்றிருப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

பேச்சுக்கிடையே மாணவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்தவர் அல்லர். பதுளையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. முன்னோர் சேலம் மாவட்டத்திலிருந்து போனவர்களாம். 1977 கலவரத்துக்குப் பின் குடும்பம் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்பே தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் கடவுச்சீட்டும் பெற்றிருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். படகில் வந்தபோது அது தொலைந்துவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்குக் கணக்கே மாறிவிட்டது. 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மனிதர்களைப் பங்கு பிரித்த இந்த உடன்பாடுகளைப் பற்றி எனக்கு நல்ல கருத்துக் கிடையாது. ஆனால், இந்தியா கையெழுத்திட்ட பொறுப்பு அது. அதன்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர் எனப்பட்டனர். அவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. பின்னாளில் அதுவே டான்டீ ஆயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்கென 1969-இல் ரெப்கோ வங்கி தோன்றியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுடைய பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் ஊராட்சித் தலைவர்களாகவும் இருக்கின்றனர்.

1980-களின் நடுவில் தலைமன்னார் – ராமேசுவரம் கப்பல் நின்றது. அதுவரை ஏறியவர் இந்தியர். ஏற முடியாமல் போய்ப் பின்னர் படகில் வந்தவர் ஏதிலி. கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஆணையகம் கொடுத்த அதே கடவுச்சீட்டு இருவருக்கும் உரியது. மாணவரின் தாத்தா உண்மையிலேயே குடியுரிமை பெற்றிருந்து, அப்போது வயது வராதிருந்த தந்தையும் அதில் சேர்க்கப்பட்டிருந்தால், தந்தை இந்தியர். தந்தை இந்தியர் எனில், 1991-இல் பிறந்த மாணவரும் இந்தியர். மகளைப் பற்றிக் கேள்வியே எழாது. தொலைந்துபோன ஒரு தாள் மூன்று தலைமுறையை அயலாராக்கி வைத்திருக்கிறது. அந்தத் தாளைக் கொடுத்தது இந்திய அரசு. அதன் பதிவேட்டைத் தேடும் பொறுப்பு வண்ணம் பூசிப் பிழைக்கும் ஒருவருடையதா, பதிவேட்டை வைத்திருப்பவருடையதா?

இத்தகைய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடக் கூடாது எனும் நோக்கில் தீர்ப்பளித்து, புதிதாக விண்ணப்பிக்கவும் மத்திய அரசு அவற்றைப் பரிசீலிக்கவும் வழி செய்தது. இலங்கை அரசும் தன் பங்குக்கு 2003-இல் நாடற்ற வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை இயற்றி, 2009-இல் இந்தியாவுக்கு ஏதிலிகளாக வந்தவர்களுக்கும் அதை விரித்தது. நம் முகாம்களில் பிறந்த குழந்தைகளோ தாமாகவே இலங்கையராகிவிடுவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதில் பல்லாண்டு உழைத்திருக்கிறது. இங்கு குடியுரிமை கோருவோரும் அப்பதிவை வெறுக்க வேண்டியதில்லை. பதிவு வழி விண்ணப்பத்துக்கு அயல்நாட்டுக் கடவுச்சீட்டின் நகல் கேட்கப்படுகிறது என்பது இந்த நடைமுறையின் வினோதங்களுள் ஒன்று.

குடியுரிமைக்கு முந்தைய படி நிரந்தர வசிப்புரிமை. பல நாடுகளில் உள்ள அந்த நிலை நம் சட்டத்தில் பொதுவாக இல்லை. 2016-இல் மத்திய அமைச்சரவை ஒரு வசிப்புரிமைத் திட்டத்தை ஏற்றது. பதினெட்டு மாதங்களில் பத்து கோடி ரூபாய் முதலீடு செய்யும் அயல்நாட்டவருக்கு! அமெரிக்காவில் 2001 பிப்ரவரி முதல், தாய் அல்லது தந்தை குடியுரிமை பெற்றால், அவருடன் பச்சை அட்டையோடு வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை விண்ணப்பமின்றியே குடியுரிமை பெறுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவ்வாறு அமெரிக்கரானவர்கள். நாம் இனிப்பு வழங்கினோம். பிரிட்டனின் விதி இன்னும் பொருத்தமானது. 1983-இல் பிறப்புரிமையை அந்நாடு சுருக்கியபோதும், அங்கு பிறந்து முதல் பத்தாண்டுகளை அங்கேயே கழித்த குழந்தை, பெற்றோரின் நிலை எதுவாயினும், குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள வழி வைத்தது. பெற்றோரின் தாளைப் பார்க்காமல் குழந்தை வாழ்ந்த வாழ்வைப் பார்க்கும் விதி அது. நம் ஐந்தாவது பிரிவிலேயே, சிறப்புச் சூழ்நிலையில் வயது வராத எவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்ற உட்பிரிவு இருக்கிறது. புதிய சட்டம் வேண்டியதில்லை; உள்ளதைப் பயன்படுத்தும் மனம்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும் வெளியே 34 ஆயிரம் பேரும் இருப்பதாக 2021-இல் மாநில அரசு தெரிவித்தது. புதிய வீடுகள் கட்டப்படுகின்றன. முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என மாறியுள்ளது. பள்ளியும் கல்லூரியும் அவர்களுக்குத் திறந்தே இருந்தன. ஒரு பட்டதாரியை உருவாக்கும்வரை மக்களின் வரிப்பணத்தைச் செலவிட்டுவிட்டு, அரசுப் பணிக்கோ கடவுச்சீட்டுக்கோ அவர் வரும்போது கதவை மூடுவதைப் போன்ற முதலீட்டு வீணடிப்பை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களிக்கப்பட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால், தண்டனை இல்லை என்பது குடியுரிமை உண்டு என்பதாகிவிடாது.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முகாம்வாசிகளின் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோரின் வம்சாவளி ஆகியவற்றை ஒரு முறை வரிசைப்படுத்தினாலே, 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தவர் யார், இந்தியரை மணந்தவர்களின் பிள்ளைகள் யார், உடன்பாட்டின்படி முன்பே இந்தியராக வேண்டியிருந்தவர் யார் என்பது தெரிந்துவிடும். முதல் பிரிவினருக்கு விண்ணப்பமே தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே குடிமக்கள். எஞ்சியோரின் விண்ணப்பங்களை ஆட்சியர் தம் குறிப்புடன் மேலே அனுப்பலாம்.

மறுநாள் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, இதையெல்லாம் என்னால் இயன்றவரை விளக்கினேன். தம்முடைய பிறப்புச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், மனைவியின் வாக்காளர் அட்டை மூன்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தந்தைக்கு நினைவிருக்கிறதாம்; தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும்கூட. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறார். நானும் உடன் செல்கிறேன்.