இரண்டரை ஆண்டு விடுமுறை

2020 பிப்ரவரி 1, 2 தேதிகளில் ஏர் இந்தியா விமானங்கள் 647 இந்தியரை ஊஹானிலிருந்து தில்லிக்குக் கொண்டுவந்தன. பலர் மாணவர்கள். மானேசர், சாவ்லா முகாம்களில் தனித்திருந்து வீடு சேர்ந்தார்கள். குளிர்கால விடுமுறைக்கு முன்னரே ஊர் வந்தவர்கள் வேறு. கண்டம் தப்பியது என்று பெற்றோர் நிம்மதியடைந்தார்கள்.

ஆனால் திரும்பிப்போக விசா இல்லை! சீனப் பல்கலைக்கழகங்கள் கணினி வழியே பாடம் நடத்தின. மருத்துவத்தைத் திரையில் பார்த்தா கற்பது? அப்படிப்பட்ட படிப்பை ஏற்கமாட்டோம் என்று 2022 பிப்ரவரியில் நம் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. நியாயந்தான், நடுவில் மாட்டிக்கொண்டவர்களோ சுமார் 23,000 பேர், பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். மாணவர் விசா மறுபடி கிடைத்தது 2022 ஆகஸ்டில்தான்.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் அன்பர்களே, பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்: தொற்று வந்து ஊர் திரும்பினால், மறுபடி சேர என்ன ஏற்பாடு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.